சரக்கு ரயில் ஓடுகிறது, சரக்கு நிலையம் ஏன் மூடியது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோரிலிருந்து ரயில் பாதைக் கணக்கில் 13 மைல் தள்ளி, பட்டாப்ஸ்கோ ஆற்றங்கரையில் எலிகாட் சிட்டி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே உள்ள ரயில் நிலையத்தை 1830-31இல் கருங்கல்லால் கட்டினார்கள். அந்த நாட்டில் இன்னும் இடியாமல் நிற்கிற ரயில் நிலையங்களில் மிகப் பழையது இதுதான். 1968இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ரயில் நிலையம் என்றதும் நமக்கு டிக்கெட் ஜன்னல், காத்திருப்பு அறை, வழியனுப்ப வந்த கூட்டம் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தக் கட்டடம் முதலில் எழுந்தது மனிதர்களுக்காக இல்லை, மாவு பீப்பாய்களுக்காகவும் மற்ற சரக்குகளுக்காகவும். பயணிகளுக்கென்று உள்ளே தனி இடம் ஒதுக்கியதே 1856இல்தான், அதாவது கால் நூற்றாண்டு கழித்து.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தை ஒட்டிப் போகிற தண்டவாளத்தில் சிஎஸ்எக்ஸ் கம்பெனியின் சரக்கு ரயில்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இங்கே நிற்பதில்லை, அவ்வளவுதான். லாரி வந்தது, ரயில் படுத்தது, நிலையத்தை மூடினார்கள் என்று ஒரே மூச்சில் கதையை முடிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரயில் எங்கே படுத்தது? டன்-மைல் கணக்கில், அதாவது எத்தனை டன் எத்தனை மைல் போனது என்று பெருக்கிப் பார்த்தால், அமெரிக்க ரயில்கள் 1950இல் சுமந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இன்று சுமக்கின்றன. சரக்கு கூடியிருக்கிறது, ஆனால் சின்ன ஊர்களின் சரக்கு நிலையங்கள் மட்டும் கூண்டோடு ஒழிந்துவிட்டன. இது எப்படி என்று புரிய வேண்டுமானால், அந்த நிலையங்கள் உண்மையில் எந்தச் சரக்கை வைத்துப் பிழைத்தன என்று பார்க்க வேண்டும்.

முதலில் எலிகாட் சிட்டிக்கே வருவோம். அப்போது அதன் பெயர் எலிகாட்ஸ் மில்ஸ். ஜான், ஆண்ட்ரூ, ஜோசப் என்று மூன்று சகோதரர்கள், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், 1772இல் அங்கே ஆற்று நீரால் ஓடும் மாவு ஆலைகளை நிறுவினார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் அதுவரை புகையிலை போட்டுப் போட்டு மண்ணைச் சாறு பிழிந்த சக்கையாக்கி வைத்திருந்தார்கள். அவர்களைக் கோதுமை பக்கம் திருப்பியதில் இந்தச் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கோதுமை வந்தது, ஆலை ஓடியது, மாவு குவிந்தது, அதை பால்டிமோர் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதுதான் அந்த ஊரின் முதல் சரக்குப் பிரச்சினை.

பால்டிமோருக்கு வேறு ஒரு கவலை. 1825இல் நியூயார்க்கையும் உள்நாட்டுப் பெரிய ஏரிகளையும் நீர்வழியாக இணைத்த ஈரி கால்வாய் திறந்ததும் மேற்குப் பகுதியின் வியாபாரம் நியூயார்க்கை நோக்கித் திரும்பத் தொடங்கியது. மலைகள் குறுக்கே நிற்பதால் பால்டிமோரால் அதே மாதிரி கால்வாய் வெட்டிப் போட்டியிட முடியாது. ஆகவே அங்கிருந்த வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் சேர்ந்து, அப்போது யாரும் இவ்வளவு நீளத்துக்குச் செய்து பார்க்காத ஒன்றில் பணம் போட்டார்கள்: ஓஹையோ ஆறு வரைக்கும் ரயில் பாதை. பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனிக்கு 1827இல் சாசனம் கிடைத்தது, 1828 ஜூலை 4 அன்று முதல் கல் நாட்டினார்கள். நாட்டியவர் சார்லஸ் கரோல், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடிருந்த ஒரே ஆள், வயது தொண்ணூறு. 1830 மே மாதம் எலிகாட்ஸ் மில்ஸ் வரைக்குமான முதல் 13 மைல் திறந்தது. எஞ்சின்கூட இல்லை, குதிரைகள்தான் இழுத்தன. பீட்டர் கூப்பர் தன்னுடைய குட்டி நீராவி எஞ்சினை இந்தப் பாதையில் ஓட்டிக் காட்டியது அந்த வருடம் ஆகஸ்டில்.

ஆக, ஒரு நாட்டின் முதல் பொது ரயில் பாதை தன் முதல் கட்டத்தை முடித்துக்கொண்ட இடம் ஒரு மாவு ஆலை ஊர். இது தற்செயல் இல்லை. பாதை முழுசாக முடியும்வரை கையில் காசு வர வேண்டும், அதற்கு வழியில் எங்காவது ஏற்றத் தயாராகச் சரக்கு இருக்க வேண்டும். கட்டடத்தின் அமைப்பைப் பார்த்தாலும் அது விளங்கும். தெரு கீழே, தண்டவாளம் மேலே, நடுவில் சரிவு. கட்டடம் அந்தச் சரிவில் முதுகை வைத்து நிற்பதால் தெருவில் பார்த்தால் மாடிக் கட்டடம், தண்டவாளப் பக்கம் பார்த்தால் மாடியின் தளம்தான் ரயில் மட்டம். வண்டிக்கும் ரயிலுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தைக் கட்டடமே சமாளிக்கும்படி செய்த வேலை அது. அழகுக்காக யாரும் மெனக்கெடவில்லை, ஆனாலும் அழகாக இருக்கிறது, அது வேறு.

1873இல் ஒரு திருப்பம். வாஷிங்டன் வழியாக மேற்கே போகும் புதிய கிளைப்பாதை திறந்ததும், தொலைதூரப் பயணிகள் ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. எலிகாட் சிட்டி இருந்த பாதைக்குப் பழைய மெயின் லைன் என்று பெயர் வந்தது. பெயரில் மெயின் இருந்தது, அவ்வளவுதான். சரி, ஊர் நிலையம் அத்தோடு சுருங்கியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. 1885இல் அங்கே புதிதாக ஒரு தனிச் சரக்குக் கிடங்கைக் கட்டினார்கள். ஏனென்றால் அந்த வழியாக எத்தனை பெரிய ரயில் போகிறது என்பதற்கும் ஊர் நிலையத்தின் பிழைப்புக்கும் சம்பந்தம் குறைவு. ஊர் என்ன வாங்குகிறது, என்ன விற்கிறது என்பதுதான் கணக்கு. பின்னால் அந்த நிலையங்கள் மூடியதற்கான காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். ரயில் சரக்கில் இரண்டு ஜாதி. ஒன்று முழு வேகன் சரக்கு: ஒரே ஆள் ஒரு வேகனை முழுக்க நிரப்புவார், நிலக்கரி, தானியம், மரம், கால்நடை மாதிரி. இன்னொன்று சில்லறைச் சரக்கு: ஒரு வேகனை நிரப்பாத பெட்டிகளும் மூட்டைகளும். ஹார்டுவேர் கடைக்கு இரண்டு பீப்பாய் ஆணி, துணிக்கடைக்கு நான்கு பெட்டி செருப்பு, ஒரு வீட்டுக்குத் தையல் மெஷின், இன்னொரு வீட்டுக்கு இரும்பு அடுப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் சரக்கு நிலையத்தின் வரலாற்றை வாசித்தால் எதுவுமே ஒட்டாது, ஏனென்றால் முழு வேகன் சரக்குக்கு அந்தக் கட்டடமே தேவையில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் சும்மா ஒரு பக்கவாட்டுத் தண்டவாளம் போட்டிருப்பார்கள், வேகனைக் கொண்டுவந்து அதில் விட்டுவிட்டால் குதிரை வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வாங்கியவரே இறக்கிக்கொள்வார். தானியக் கிடங்கு, நிலக்கரி வியாபாரி, மரவாடி போன்ற பெரிய ஆட்களுக்கு அவரவர் இடத்துக்கே தனித் தண்டவாளம் போகும். அவர்களுக்கு நிலையத்தில் வேலை காகிதத்தோடு மட்டும்தான்.

கூரைக்குக் கீழே வைத்து, எண்ணி, பூட்டி, உரியவர் வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டியது சில்லறைச் சரக்கு மட்டுமே. அதற்காகத்தான் அந்த நீளமான ஒடுங்கிய கொட்டகை. ஒரு பக்கம் ரயில், மறு பக்கம் தெரு, இரண்டு பக்கமும் பெரிய தள்ளுக்கதவுகள், வேகனின் தள உயரத்துக்குச் சமமாகத் தூக்கிக் கட்டிய மரத்தளம். பெரிய ஊர் என்றால் பயணிகளுக்குத் தனிக் கட்டடம், சரக்குக்குத் தனிக் கட்டடம். சின்ன ஊரில் ஒரே கட்டடம்தான்: ஒரு முனையில் காத்திருப்பு அறை, மறு முனையில் சரக்கு அறை, நடுவில் ஏஜென்ட் உட்காரும் ஆபீஸ். அந்த ஆபீஸுக்குத் தண்டவாளப் பக்கம் துருத்திக்கொண்டு ஒரு ஜன்னல் இருக்கும், இருந்த இடத்திலிருந்தே இரண்டு திசையிலும் ரயில் வருகிறதா என்று பார்ப்பதற்கு.

அந்த ஏஜென்ட் பார்த்த வேலைகளைச் சொன்னால் தலை சுற்றும். டிக்கெட் கொடுப்பார். தந்தி அடிப்பார், வாங்குவார். ரயில்களை எங்கே நிறுத்துவது, எதை முதலில் விடுவது என்று மேலிடத்திலிருந்து வரும் உத்தரவுகளை எழுதி, ஓடுகிற ரயிலில் இருக்கும் ஆளிடம் ஒரு வளையத்தில் மாட்டி நீட்டுவார். சரக்குக்கு ரசீது எழுதுவார், எடை போடுவார், கட்டணப் புத்தகத்தில் அந்தப் பொருள் எந்த வகுப்பு என்று தேடுவார், அனுப்பியவர் பணம் கட்டினாரா, வாங்குபவர் கட்ட வேண்டுமா என்று பார்ப்பார், குறைந்தது, கூடியது, உடைந்தது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காகிதம். வேகனைக் காலி செய்யாமல் வைத்திருந்தால் தாமதக் கட்டணம் வசூலிப்பார், அதற்காக ஊர்க்காரர்களிடம் திட்டும் வாங்குவார். ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்த ஒற்றை ஆள். மின்னசோட்டாவின் நார்த் ரெட்வுட் நிலையத்தில் ஏஜென்டாக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ், 1886இல் உள்ளூர் நகை வியாபாரி ஒருவர் வாங்க மறுத்த கடிகாரப் பெட்டியைத் தானே எடுத்து, பாதையில் இருந்த மற்ற ஏஜென்டுகள் மூலம் விற்றுக் காசு பார்த்தார். பிறகு அவர் ஆரம்பித்த தபால் வழி வியாபாரம்தான் சியர்ஸ் ரோபக். 1908 முதல் அந்தக் கம்பெனி முழு வீட்டையே துண்டு துண்டாக ரயிலில் அனுப்பி விற்றது. சரக்கு அறையில் தேங்கிய ஒரு பெட்டியிலிருந்து தொடங்கிய கதை அது.

ஏஜென்டுக்கு அதிகாரம் இருந்தது, ஆனால் கட்டணத்தை அவர் முடிவு செய்யவில்லை. ஊர்க்காரர்களின் கோபமும் அங்கேதான் வெடித்தது. இரண்டு பெரிய நகரங்களுக்கு இடையே பல கம்பெனிகள் போட்டி போட்டதால் அங்கே கட்டணம் சரிந்தது, நடுவில் ஒரே ஒரு கம்பெனியை நம்பியிருக்கும் சின்ன ஊர், குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணம் கட்டியது. அநியாயமாகத் தெரியும், ஆனால் போட்டி இருக்கும் இடத்தில் இழப்பதைப் போட்டி இல்லாத இடத்தில் வசூலிப்பதுதான் எந்த வியாபாரியும் செய்வது. 1870களில் விவசாயிகள் கிளர்ந்தார்கள், மத்திய மேற்கு மாநிலங்கள் சில கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தன, கடைசியில் 1887இல் மாநிலங்களுக்கிடை வணிகச் சட்டம் வந்தது. குறுகிய தூரத்துக்குக் கூடுதல் வசூலிப்பதை அது தடுக்கப் பார்த்தது. கட்டண அட்டவணையை அச்சிட்டு, நிலையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு சாதாரண விவசாயி உள்ளே போய், எனக்கு என்ன கட்டணம், பக்கத்து ஊர்க்காரனுக்கு என்ன கட்டணம் என்று கேட்கும் உரிமை சட்டத்தின் மூலமே வந்தது. இந்தப் பகுதியைப் பழைய நிலையங்களைக் கொண்டாடும் புத்தகங்களும் பலகைகளும் பெரும்பாலும் தொடுவதில்லை. நிலையம் ஊரின் பெருமை என்பது உண்மை. ஊரின் ஆத்திரம் குவிந்த இடமும் அதுவே.

அப்புறம் தபால்காரர் வந்தார். 1913க்கு முன்னால் அமெரிக்கத் தபாலில் நான்கு பவுண்டுக்கு மேல் பார்சல் அனுப்ப முடியாது. அவசரமான, விலை உயர்ந்த சின்னப் பொருட்கள் பயணிகள் ரயிலோடு எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் மூலம் போகும், மற்றதெல்லாம் மெதுவான சரக்கு ரயிலில். 1913 ஜனவரியில் பார்சல் தபால் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் எடை வரம்பும் ஏறியதும், சில்லறைச் சரக்கின் லேசான நுனி முதலில் உதிர்ந்தது. நாட்டின் ரயில் பாதை நீளம் உச்சத்தைத் தொட்டது 1916இல், சுமார் 2,54,000 மைல். அதாவது வலைப்பின்னல் இதைவிடப் பெரிதாக இருந்ததே இல்லை என்ற சமயத்திலேயே அடியில் அரிப்பு ஆரம்பித்துவிட்டது.

லாரி வந்த பிறகு நடந்ததைத் தூரம், வேகம் என்று மட்டும் பார்ப்பது போதாது. சில்லறைச் சரக்கை ரயிலில் அனுப்பினால் என்னவெல்லாம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் பெட்டியை வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏஜென்ட் இறக்கி, எடை போட்டு, அறையில் வைப்பார். உள்ளூர்ச் சரக்கு ரயில் வந்ததும் வேகனில் ஏற்றுவார்கள். அது ஒரு சந்திப்பு ஊருக்குப் போய், அங்கே இருக்கும் பெரிய கிடங்கில் இறக்கி, ஊர் வாரியாகப் பிரித்து, வேறு வேகனில் ஏற்றி, சில சமயம் இன்னொரு சந்திப்பிலும் இதே வேலை நடந்து, கடைசியில் இன்னொரு சின்ன ஊர் நிலையத்தில் இறங்கும். அங்கே ஏஜென்ட் தகவல் அனுப்பி, வாங்கியவர் வந்து எடுத்துப் போக வேண்டும். ஒரு பெட்டியை எத்தனை கை தொடுகிறது! ஒவ்வொரு கைக்கும் கூலி, ஒவ்வொரு தடவையும் உடைய வாய்ப்பு, உடைந்தால் நஷ்டஈடு. வேகனோ பாதிகூட நிறையாமல் போகும். லாரிக்காரர் ஒரு வாசலில் ஏற்றி இன்னொரு வாசலில் இறக்கினார், நடுவில் இருந்த அத்தனை கைகளும் தேவையில்லாமல் போயின. குறைந்த தூரத்தில் இதற்கு ரயிலால் பதிலே சொல்ல முடியாது.

ரயில்வேக்கள் சும்மா இருக்கவில்லை. 1930களில் வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு வாசலிலேயே இறக்கும் சேவையை ஆரம்பித்தன, அதுவும் லாரியை வைத்துத்தான். 1935இல் லாரிப் போக்குவரத்தும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால் ரயிலுக்கு மறுபடியும் நல்ல காலம். அது முடிந்ததும் கூலி ஏறியது, சில்லறைச் சரக்கில் கை வைத்தாலே நஷ்டம் என்ற நிலை வந்தது. 1950களிலும் 60களிலும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபட்சக் கட்டணத்தை ஏற்றி, நிலையங்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, கடைசியில் அந்தச் சேவையையே கைவிட்டன. 1956இல் சட்டமான மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலைத் திட்டம்தான் சின்ன ஊர் நிலையங்களைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது தாமதமாக வந்த குற்றவாளியாகத்தான் தெரிகிறது. அந்த நான்குவழிச் சாலைகள் முழுசாகத் திறப்பதற்குள் சில்லறைச் சரக்கில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. எக்ஸ்பிரஸ் சேவையை நடத்திய ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்து 1975இல் திவாலானது.

சரக்கு போனால் போகட்டும், ஏஜென்டுக்குத் தந்தி வேலையும் ரயில் உத்தரவு வேலையும் இருந்ததே என்று கேட்கலாம். அதையும் தொலைபேசி, ரேடியோ, தொலைவிலிருந்தே சிக்னலை இயக்கும் முறை எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்டன. பயணிகள் ரயில்கள் ஏற்கனவே குறைந்திருந்தன. ஆனாலும் ஒரு நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் மூட முடியாது, பொதுவாக மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும், ஊர்க்காரர்கள் விசாரணைக்கு வந்து எதிர்ப்பார்கள். இதற்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த வழி நடமாடும் ஏஜென்ட்: ஒரே ஆள் காரில் ஏறிப் பல ஊர்களுக்குப் போய்க் காகித வேலையை முடிப்பார். சரக்கு நிலையங்களை மூடிக்கொண்டிருந்த ரயில்வே, தன் ஆளையும் சாலையில்தான் அனுப்பியது.

இங்கே இரண்டு வேறு சம்பவங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிலையம் மூடியது ஒன்று, தண்டவாளத்தையே பிடுங்கியது வேறு. இரண்டாவதில் பெரும்பகுதி அப்புறம்தான் நடந்தது, வடகிழக்கில் கம்பெனிகள் திவாலாகி, அவற்றை ஒன்றுசேர்த்து 1976இல் கான்ரெயில் என்ற அரசுக் கம்பெனி உருவானபோதும், 1980இல் ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணத்தையும் ஒப்பந்தத்தையும் பெருமளவு கம்பெனிகளின் கையிலேயே விட்ட பிறகும். அதில் தப்பித்த பாதைகளில் ஓடுவதெல்லாம் பழைய முழு வேகன் சரக்கின் பேரப்பிள்ளைகள்: ஒரே சரக்கு நிரம்பிய நீள நீளமான நிலக்கரி, தானிய ரயில்கள், கண்டெய்னர் ரயில்கள். இவற்றுக்குச் சின்ன ஊர் நிலையம் அன்றைக்கும் தேவைப்படவில்லை, இன்றைக்கும் தேவையில்லை.

எலிகாட் சிட்டியில் பயணிகள் ரயில் 1949இல் நின்றது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளத்தோடு ரயில்வே அந்தக் கட்டடத்தில் செய்துவந்த அலுவலும் முடிந்தது. ஆற்று வெள்ளம் அந்த ஊருக்குப் புதிதில்லை, 1868இல் வந்த வெள்ளம் ஆலைகளையும் வீடுகளையும் அடித்துப்போய் நிறையப் பேரைக் கொன்றது. 2016 ஜூலையிலும் 2018 மே மாதத்திலும் மழை வெள்ளம் கடைத்தெருவைக் கிழித்துப் போட்டபோதும் இந்தக் கருங்கல் கட்டடம் நின்றது. 1885இல் கட்டிய சரக்குக் கிடங்கும் அருங்காட்சியகத்தின் பகுதியாக இன்னும் இருக்கிறது.

மற்ற ஊர்களின் மரக் கட்டடங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. வரி கட்டவும் பழுது பார்க்கவும் மனமில்லாத கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இடித்துத் தள்ளின. விற்றபோதும் பல சமயம் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கட்டடம் உங்களுக்கு, நிலம் எங்களுக்கு, பெயர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். தண்டவாளத்தை ஒட்டி ஊர்க்காரர்கள் நடமாடி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அதனால் இன்று அமெரிக்கச் சின்ன ஊர்களில் ரயில் நிலையம் ஒன்று பூங்காவிலோ வயலுக்கு நடுவிலோ, தண்டவாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நிற்பதைப் பார்க்கலாம். நூலகமாகவோ உணவகமாகவோ யாருடைய வீடாகவோ மாறியிருக்கும், கூரைக்கும் சுவருக்கும் புது வண்ணம் பூசியிருப்பார்கள். எந்த முனையில் சரக்கு அறை இருந்தது என்று தெரிய வேண்டுமானால், ஜன்னல்கள் குறைந்த பக்கத்தில் இரண்டு ஆள் அகலத்துக்குத் தள்ளுக்கதவு இருக்கிறதா, அல்லது அதை அடைத்த தடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.